எழுப்புவதா, நித்திரை கொள்ள விடுவதா?

மல்லாவியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 81 வயது அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து மூன்று கிழமை. ஒரு நாளில் 16 மணித்தியாலம் நித்திரை. அக்கா, "உடம்பு தேறுது, எழுப்பாதை" என்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி, "எழுப்பி நடத்து, இல்லாட்டி படுக்கையோட போயிடுவா" என்கிறார். யார் சொல்வது சரி? கேள்வி நித்திரையைப் பற்றியது போலத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் பயம் வேறு: அம்மா தேறுகிறாரா, இல்லை எங்களுக்குத் தெரியாமல் கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறாரா? மணித்தியாலக் கணக்கு மட்டும் அதற்கு விடை தராது. எழுப்பினால் முழுதாக விழிக்கிறாரா, போன கிழமையைவிட இந்தக் கிழமை விழித்திருக்கும் நேரம் கூடியிருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். நீங்கள் அவற்றை எழுதவில்லை. அம்மாவைப் பார்க்காமல், இரத்தப் பரிசோதனை முடிவு எதுவும் கையில் இல்லாமல் காரணம் இதுதான் என்று யாரும் சொல்ல முடியாது. எதை எந்த வரிசையில் தேடுவது என்பதைச் சொல்லலாம்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். பெரிய முறிவு, ஒப்பரேஷன், நியூமோனியா போன்ற ஒன்றுக்குப் பிறகு நித்திரை கூடுவது இயல்பு. காயம் ஆறும்போது உடம்பில் சுரக்கும் அழற்சி இரசாயனங்கள் மூளைக்கும் போய் அசதியையும் பசியின்மையையும் உண்டாக்குகின்றன. காய்ச்சல் வந்தால் இளந்தாரிகளும் சுருண்டு படுப்பது அதனால்தான். இடுப்பு முறிவில் தொடைச் சதைக்குள் நிறைய இரத்தம் இறங்கும், ஒப்பரேஷனிலும் போகும். ஆகவே ஈமோகுளோபின் குறைந்திருக்கும். வாட்டில் வெளிச்சம், ஊசி, பக்கத்துக் கட்டில் சத்தம் என்று இரவு நித்திரை துண்டுதுண்டாகப் போயிருக்கும். சதை இளைத்த ஒருவருக்குக் கட்டிலிலிருந்து கொமட் கதிரை வரை போய்வருவதே அன்றைய வேலை முழுவதும். இதெல்லாம் சேர்ந்து முதல் ஓரிரு கிழமை அதிகம் படுப்பார். ஆனால் தேறுகிறவரின் நித்திரை கிழமைக்குக் கிழமை சுருங்க வேண்டும். முதற்கிழமை 20 மணித்தியாலம் படுத்தவர் இப்போது 16 மணித்தியாலம் என்றால் நல்ல செய்தி. 12 ஆக இருந்தது 16 ஆகியிருந்தால் அன்றே தேடத் தொடங்க வேண்டும். சுகமாக இருக்கும் 80 வயதுக்காரருக்கும் 7, 8 மணித்தியாலம் போதும் என்பதால், "வயசு போனால் அப்பிடித்தான்" என்று விடக்கூடாது.

எழுப்பிப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டு, தோளில் தொட்டு எழுப்புங்கள். முகத்தைத் துடைத்து, கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுவிட்டு நிமிர்த்தி இருத்துங்கள். பத்து நிமிடத்துக்குள் ஆளை அடையாளம் கண்டு, கேட்டதற்குப் பொருத்தமாகக் கதைத்து, ஒரு வேளைச் சாப்பாட்டை இடையில் கண்ணயராமல் முடித்தால் அது நித்திரை. பேச்சின் நடுவில் கண் சொருகுவது, வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் அப்படியே வைத்திருப்பது, உங்களைச் செத்துப்போன தமக்கை என்று நினைத்துக் கூப்பிடுவது இவையெல்லாம் மயக்க நிலை. சந்தேகமாக இருந்தால் கிழமை நாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன் என்று. இதில் பார்ப்பது ஞாபகத்தை இல்லை, கவனத்தை. முன்பு சொல்லக்கூடியவராக இருந்த அம்மா இரண்டு நாளைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டால் கவனம் குலைந்திருக்கிறது.

சில நாட்களில் உண்டாகும் இந்தக் குழப்பத்தை மருத்துவத்தில் டெலீரியம் என்பார்கள். கத்தி, ஊசிக் குழாயைப் பிடுங்கி, இரவில் எழும்பி ஓடப்பார்க்கும் வகையை எல்லோரும் கவனிப்பார்கள். முதியவர்களிடம் அதைவிட அதிகம் வருவது அமைதியான வகை. பேசாமல் படுத்துக் கிடப்பார், தொல்லை இருக்காது, "அம்மா நல்லபிள்ளையாய்ப் படுத்திருக்கிறா" என்று வீட்டார் நினைப்பார்கள். இல்லாவிட்டால் அறளை பெயர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். அறளை என்று நாம் சொல்லும் மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெதுவாக வருவது. டெலீரியம் மணித்தியாலத்தில் அல்லது சில நாட்களில் வந்து, காலையில் தெளிந்து, பொழுதுபடக் குழம்பி, ஏறி இறங்கும். வைத்தியசாலையில் தொடங்கியது வீட்டுக்கு வந்த பிறகும் கிழமைக்கணக்கில் நீடிக்கலாம். நீடித்தாலும் அதைத் தூண்டிவிட்ட காரணம் ஒன்றோ பலவோ பின்னால் இருக்கும். பல காரணங்கள் திருத்தக்கூடியவை.

தேடத் தொடங்குவதற்கு நல்ல இடம் மருந்துப் பை. வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு சுளகில் கொட்டுங்கள்: வாட்டில் தந்தவை, கிளினிக்கில் தந்தவை, பார்மசியில் வாங்கியவை, வெளிநாட்டிலிருந்து வந்தவை, தைலப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கும் பழைய பட்டைகளும். ஒரே மருந்து இரண்டு கம்பனிப் பேரில் இரண்டு பையில் இருப்பது அடிக்கடி நடப்பது. பட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பேரைப் பார்த்தால் தெரியும். நித்திரையாக்கும் மருந்துகளில் முதலில் தேட வேண்டியவை வலிக்குத் தரும் ட்ரமடோல், கோடீன், நரம்பு வலிக்குத் தரும் கபபென்டின், பிரீகபலின், இரவில் தரும் அமிட்ரிப்டிலின், சளிக்கும் கடிக்கும் தரும் குளோர்பெனிரமின் (நம் ஆட்கள் பிரிட்டன் என்று கேட்டு வாங்கும் சின்ன மஞ்சள் குளிசை), டயசிபாம், குளோனசிபாம். டயசிபாம் முதியவர் உடம்பில் நாட்கணக்கில் தங்கும். இன்றிரவு கொடுத்தது நாளையும் நாளையின்றும் கண்ணைச் சொருக வைக்கும், அதற்குள் அடுத்த குளிசையும் சேர்ந்துவிடும். தம்பி அனுப்பும் பெட்டியில் 'நைட்' என்று எழுதிய வலிக்குளிசையோ சளிமருந்தோ இருந்தால் அதற்குள் பெரும்பாலும் டைபென்ஹைட்ரமினோ அதைப் போன்ற நித்திரையாக்கும் மருந்தோ இருக்கும். அதுவும் முதியவர்களைக் குழப்பும், சலத்தை அடைக்கும், மலத்தை இறுக்கும்.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் வயல் வேலை செய்து வாழ்ந்த முதியவர்களில் நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பவர்கள் கணிசம், பலருக்கு அது இருப்பதே தெரியாது. கபபென்டின், பிரீகபலின், ட்ரமடோல் மூன்றும் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியவை. வடிகட்டாவிட்டால் உடம்பில் ஏறிக்கொண்டே போகும். ஆகவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் இவற்றைத் தொடர்வது சரியில்லை. அதற்காக நாளைக் காலையே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். நெடுநாள் குடித்த டயசிபாம், பிரீகபலின், வலிப்பு மருந்து, மனச்சோர்வு மருந்து ஆகியவற்றைச் சடாரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, இன்னும் மோசமான குழப்பம் வரலாம். படிப்படியாகக் குறைப்பது வைத்தியர் வேலை. உங்கள் வேலை, எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, கண் சொருகியது எத்தனை மணிக்கு என்று மூன்று நாள் எழுதுவது. குளிசை குடித்து ஒன்று, இரண்டு மணித்தியாலத்தில் ஒவ்வொரு நாளும் சொருகினால் அந்தத் தாளே பாதி விடை. வலிக்குப் பயந்து மருந்தைக் குறைக்க முடியவில்லை என்றால் பரசிட்டமோலை வலிக்கும்போது மட்டும் தராமல் நேரம் தவறாமல் தருவது உதவும்: 50 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 1 கிராம் மூன்று தடவை, மெலிந்தவருக்கு 500 மில்லிகிராம் நான்கு தடவை. ஈரல் நோய் உள்ளவர் என்றால் வைத்தியரைக் கேட்டபிறகு.

அம்மாவுக்குச் சுகர் உண்டு என்றால் இதை இன்றைக்கே பாருங்கள். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் ஆகியவை முன்பு மூன்று வேளை சோறு தின்றவருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த அளவு. இப்போது அவர் கால்வாசி சாப்பிடுகிறார், குளிசை பழைய அளவில் போகிறது. இளவயதினருக்குச் சீனி குறைந்தால் வியர்வை, நடுக்கம் வரும். முதியவருக்கு வெறும் நித்திரையாகவே வரலாம். நித்திரையாகக் கிடக்கும் நேரத்திலேயே விரலில் குத்திப் பாருங்கள். சீனி 70 mg/dLக்குக் கீழே இருந்து, அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் இந்தக் குளிசைகளால் இறங்கும் சீனி ஒரு நாளுக்கு மேலும் திரும்பத் திரும்ப இறங்கும். கண் திறக்காதவர் வாயில் சீனித்தண்ணி ஊற்றக்கூடாது, சுவாசப்பைக்குள் போய்விடும். மெற்போமின் மட்டும் குடிப்பவருக்கு இந்தப் பயம் குறைவு.

தண்ணீர் விடயத்தில் வீடுகளில் நடப்பது இதுதான்: கொமட்டுக்கு எழுப்பிப் போவது வலி, பிள்ளைகளுக்கும் கரைச்சல் என்று நினைத்து அம்மா வேண்டுமென்றே குடிப்பதைக் குறைப்பார், கேட்டால் தாகம் இல்லை என்பார். வயதானால் தாகமும் மங்கும். சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் தகரக்கூரைக்குக் கீழே படுத்திருப்பவர் வியர்த்தே உலர்ந்துவிடுவார். சலம் கடும் மஞ்சளாக, நாளுக்கு இரண்டு தடவைதான் போகிறது என்றால் தண்ணீர் போதவில்லை. ஒரு நாளைக்கு 6 முதல் 8 கோப்பை, ஒரேயடியாக இல்லாமல் மணித்தியாலத்துக்குச் சில மிடறாக. கஞ்சி, சொதி, தேத்தண்ணி எல்லாம் கணக்கில் சேரும். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான், அவர்களுக்கு இளநீரும் தாராளமாகக் கொடுக்கக்கூடாது, பொட்டாசியம் ஏறும். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் குடிப்பவருக்கு இரத்தத்தில் சோடியம் இறங்கி அதனாலேயே மந்தமும் குழப்பமும் வரலாம். உப்பைக் கரைத்துக் கொடுத்துச் சரியாக்கப் பார்க்காதீர்கள். சோடியத்தை வேகமாக ஏற்றுவதும் மூளைக்கு ஆபத்து, இரத்தம் சோதித்தே ஏற்ற வேண்டும்.

அடுத்தது தொற்று. முதியவருக்கு நியூமோனியாவோ சலத்தில் கிருமியோ காய்ச்சலே இல்லாமல் வரும். ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள், ஓய்வில் 24க்கு மேல் போனால் சுவாசப்பையைச் சந்தேகிக்க வேண்டும். ஒப்பரேஷன் புண் சிவந்து, சூடாகி, நீர் கசிகிறதா என்றும், முதுகின் அடியிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். இரண்டு மூன்று நாள் மலம் போகாததும், சலப்பை அடைத்து அடிவயிறு வீங்கியிருப்பதும்கூட ஒரு முதியவரை மந்தமாக்கப் போதும். மலம் தார்போலக் கறுத்து நாறினால் குடலில் இரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். இரும்புக் குளிசையும் மலத்தைக் கறுக்க வைக்கும் என்பதால் அதைக் குடிக்கிறாரா என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது கிணற்றடி வீழ்ச்சி. இடுப்பு முறிந்த அமளியில் தலை அடிபட்டதா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முதியவரின் மூளை கொஞ்சம் சுருங்கியிருப்பதால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள சிறு நாளங்கள் இழுபட்டு, லேசான அடியிலும் அறுந்து கசியும். அந்த இரத்தம் இரண்டு, மூன்று கிழமை, சிலவேளை அதற்கும் பிறகுதான் மூளையை அழுத்தத் தொடங்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் குடிப்பவர்களுக்கும், ஒப்பரேஷனுக்குப் பிறகு இரத்தம் உறையாமல் ஊசி போட்டவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். கூடிக்கொண்டு போகும் நித்திரை, தலையிடி, சத்தி, ஒரு பக்கக் கை கால் தளர்வு, நடை இழுபடுவது இவற்றில் ஏதாவது இருந்தால் தலைக்கு சீ.ரி. ஸ்கேன் கேளுங்கள். கண்டுபிடித்தால் பலருக்குச் சிறு துளையிட்டு வடித்து எடுக்க முடிகிறது. வன்னியில் மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று: உடம்பில் போரில் பட்ட செல் (எறிகணை) துண்டு தங்கியிருப்பவர் என்றால் அதை ஸ்கேன் எழுதும்போதே சொல்லுங்கள். சீ.ரி.க்குத் தடையில்லை, எம்.ஆர்.ஐ.க்கு அது பெரிய விடயம்.

இனி நிச்சயம் குறைந்தவை. ஈமோகுளோபின், சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், சீனி, கல்சியம், தைரொயிட், சலப் பரிசோதனை எல்லாம் பார்த்தும் ஒன்றும் அகப்படாமல் போகலாம். அப்போது மனச்சோர்வை நினைக்க வேண்டும். எவ்வளவோ இழந்தும் எழும்பி நடந்த மனிதர்கள், கிணற்றடிக்குத் தனியே போக முடியாத நிலை வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்கள். அது உண்மை நித்திரையா, கண்மூடிக் கிடப்பதா என்பதை வீட்டாரே கவனித்துச் சொல்ல முடியும். அமைதியான டெலீரியமும் மனச்சோர்வும் வெளியில் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் பிரித்துச் சொல்வதை வைத்தியரிடம் விடுங்கள். மனச்சோர்வுக்கும் மருந்து வேலை செய்யும் வயதுதான் இது. உரத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால் அதுவும் பகல் நித்திரைக்குக் காரணமாகலாம். டொனிக், விற்றமின் போத்தல்களால் இந்த நித்திரை குறையும் என்பதற்கு, உடம்பில் அந்தச் சத்துக் குறைவு இருந்தாலொழிய, நல்ல ஆதாரம் இல்லை. நித்திரைக்கு எடுக்கும் மெலடோனினால் டெலீரியம் தெளியும் என்பதும் இன்னும் உறுதியாகவில்லை.

அக்காவுக்கும் தம்பிக்கும் உள்ள வழக்குக்கு வருகிறேன். இரவில் அக்கா சொல்வது சரி, பகலில் தம்பி சொல்வது சரி. சுகமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போனது. நோயாளிக்கு இன்னும் வேகமாகப் போகும். ஆகவே காலை 6.30, 7 மணிக்கு எழுப்பி, முகம் கழுவி, வெயில் ஏறுமுன் விறாந்தையில் அரை மணித்தியாலம் இருத்துங்கள். காலை வெளிச்சம்தான் குழம்பிய நித்திரை நேரத்தைத் திருப்பி வைக்கும் மருந்து. மூன்று வேளைச் சாப்பாடும் கட்டிலில் இல்லாமல் கதிரையில். முதல் நாட்களில் 20 நிமிடம், பிறகு 40, பிறகு ஒரு மணித்தியாலம். சாய்மனைக் கதிரை வேண்டாம், அதில் இருத்தினால் மறுபடி நித்திரை, எழுப்புவதும் பாடு. கைபிடி உள்ள, முழங்காலை விடச் சற்று உயர்ந்த கதிரை நல்லது. கட்டிலிலிருந்து எழுப்பும்போது ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் இருத்திவிட்டே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பிரஷர் இறங்கி மறுபடி விழுவார். முறிந்த காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்பது வாட்டிலிருந்து வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் காட்டில் எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் பிசியோதெரபிப் பிரிவில் கேட்காமல் நடத்த வேண்டாம். மத்தியான நித்திரை ஒரு மணித்தியாலம், 3 மணிக்கு முன் எழுப்பிவிடுங்கள். இரவு 9க்குப் பிறகு ரீவியும் வெளிச்சமும் அணைத்து விடுங்கள். குளிசை நேரங்களைப் பகலுக்குள் அடக்க முடியுமா என்று கேளுங்கள். தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவரை மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரவிலும் திருப்ப வேண்டும்.

சாப்பாட்டில் கஞ்சியும் பிஸ்கற்றும் மட்டும் போனால் சதை கட்டாது. நோயிலிருந்து தேறும் முதியவருக்கு உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் புரதமாவது வேண்டும். 50 கிலோ என்றால் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். இரண்டு முட்டை, இரு வேளை குளத்து மீன், பருப்பு, ஒரு கோப்பை பால் அல்லது தயிர் என்று பிரித்தால் கணக்கு வந்துவிடும். சிறுநீரக நோயாளிக்கு இந்தக் கணக்கு வேறு, கிளினிக்கில் கேட்க வேண்டும். எப்போதும் நிமிர்த்தி இருத்தி, முழு விழிப்பில் மட்டும் ஊட்டி, அரை மணித்தியாலம் படுக்கவிடாமல் வைத்திருங்கள். கண் சொருகும் நேரத்தில் ஊட்டிய இரண்டு வாய் சோறு நியூமோனியாவாகத் திரும்பி வரும்.

காத்திருக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டிய நிலைகளும் உண்டு: உரக்கக் கூப்பிட்டுத் தோளை அசைத்தும் எழும்பாதது, நேற்றுக் கதைத்தவர் இன்று கதைக்காதது, மூச்சு நிமிடத்துக்கு 10க்குக் கீழே இறங்குவது அல்லது மூச்சிரைப்பது, உதடு நீலம்பாய்வது, முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, திடீர் நெஞ்சுநோ. சுவசெரிய என்னும் இந்தச் சேவை இலவசம், வடக்கில் 2018 முதல் ஓடுகிறது. உள்வீதிக்குள் இருக்கிறவர்கள் சந்தி, கோயில், பாடசாலை என்று அடையாளம் சொல்லி, ஓர் ஆளை வீதியில் நிறுத்துங்கள்.

அவசரம் இல்லாமல் கொண்டுபோவதானால் டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி, சுளகில் கொட்டிய மருந்து முழுவதும், மூன்று நாள் எழுதிய தாள் நான்கும் ஒரு பையில் இருக்கட்டும். வரிசையில் நின்று முறை வந்ததும் "அம்மா ஒரே நித்திரை" என்று தொடங்கினால் வயதைப் பார்த்துவிட்டுச் சத்துக்குளிசை எழுதித் தர இடமுண்டு. "போன கிழமை கதிரையில் இருந்து தானாகச் சாப்பிட்டவர், திங்கட்கிழமையிலிருந்து சாப்பாட்டின் நடுவில் கண்ணயர்கிறார், விழுந்தது இன்ன திகதி, அஸ்பிரின் குடிக்கிறார்" என்று சொல்லுங்கள். டெலீரியமாக இருக்குமா என்று நீங்களே கேட்பதிலும் பிழையில்லை.